எந்தப் பறவைக்கு எந்தக் கூடு: டர்பன் தோட்டத்துக்குக் கூட்டுப்பெட்டி தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லை பெரிதில்லை. ஒரு மாமரம், ஓர் அவகாடோ, துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, மதிலோரம் இரண்டு பப்பாளி, அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு தோட்டக் கடையில் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய் ஒரு கூட்டுப்பெட்டி வாங்கினேன். மஞ்சள் சுவர், தகரக் கூரை, பெரிய வட்ட வாசல், வாசலுக்குக் கீழே குருவி உட்கார ஒரு குச்சி. அதை வடக்குப் பார்த்த சுவரில் மாட்டினேன். பத்தே நாளில் ஒரு மைனா ஜோடி குடியேறிவிட்டது. அதுவரை அன்றாடம் பப்பாளிக்கு வந்துகொண்டிருந்த சிவப்பு முகக் குக்குறுவான் ஜோடியை அவை விரட்டி விரட்டி அடித்தன. ஜனவரி மாதத்தில் ஒரு மத்தியானம் பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. ஏணி போட்டுத் திறந்தால் மூன்று குஞ்சும் உள்ளேயே செத்துக் கிடந்தன. கூரைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

அன்றைக்கே பெட்டியைக் கழற்றினேன். பிறகு ஒரு வருடம் எதையும் மாட்டாமல் கொல்லைக்கு யார் வருகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது: பெட்டியைப் பார்த்துப் பறவையைத் தேடினேன், பறவையைப் பார்த்துப் பெட்டியைத் தேடியிருக்க வேண்டும். இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு வாரம் கொல்லையைக் கவனியுங்கள்

காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் இருட்டுவதற்கு முன் அரை மணி நேரம் போதும். சாயங்கால நேரம்தான் முக்கியம். பொந்தில் வாழும் பறவைகளில் பல கூடு கட்டும் காலத்தில் மட்டுமல்ல, வருடம் முழுவதும் இரவில் பொந்துக்குள் போய்த்தான் உறங்கும். எந்த மரத்தில் போய் மறைகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொல்லைக்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியே வேண்டாம். இங்கே டாப்பி என்று அழைக்கும் சின்னான் புதரின் கிளைக் கவட்டில் கிண்ணம் போலக் கூடு கட்டும். தேன்சிட்டு சிலந்தி நூலால் பை பின்னித் தொங்கவிடும். வெள்ளைக்கண்ணியும் புறாவும் கிளைகளில் கட்டும். தூக்கணாங்குருவி தென்னை, ஈச்சை ஓலைகளைக் கிழித்துத் தானே நெய்துகொள்ளும். கொல்லையில் கூட்டமாக விதை பொறுக்கும் சிறு சில்லைகள் புல்லைக் கொண்டே பந்து போல வீடு கட்டிக்கொள்ளும். ஹடீடா என்று கத்திக்கொண்டு பறக்கும் அரிவாள்மூக்கன் மரத்தில் குச்சிகளை அடுக்கி மேடை போட்டுக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் நீங்கள் செய்ய வேண்டிய உதவி வேறு: தாழ்வாரத்து மூலையில் இருக்கும் சிலந்தி வலையை ஆகஸ்டு முதல் துடைக்காதீர்கள், வேலிச் செடியை அந்த மாதங்களில் வெட்டாதீர்கள்.

பெட்டியோ கட்டையோ வேண்டியவை இவை: குக்குறுவான் இனம், சிட்டுக்குருவி இனம், பொந்தில் வாழும் சில கருநிற மைனா இனம் (இங்கே ஸ்டார்லிங் என்பார்கள்), கொண்டலாத்தியும் அதன் உறவான பச்சை மரக்கொண்டலாத்தியும், ஆந்தைகள். பாதி திறந்த பெட்டியை ஏற்றுக்கொள்பவை வாலாட்டியும் ராபினும். மரங்கொத்திக்குப் பெட்டி தேவையில்லை, பட்ட கிளை வேண்டும். டொங்க், டொங்க் என்று கன்னான் தட்டுவது போல நாள் முழுவதும் ஒரே தாளத்தில் கூப்பிடுகிறதே, அந்தச் சிறிய டிங்கர் பறவைக்கும் அதே கதைதான். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்தை மெல்லிய பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் தானே குடைந்துகொள்ளும். மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால், அது வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ விழாத இடத்தில் இருந்தால், விட்டுவிடுங்கள். கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத கூட்டுப்பெட்டி அது.

இரண்டாம் படி: குக்குறுவானுக்குக் கட்டை

டர்பன், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று கடலோரமாக இருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது பெட்டியே அல்ல, சைசல் கட்டை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ்நாட்டில் ஆலமரத்திலும் அத்தியிலும் உட்கார்ந்து குக்குறு, குக்குறு என்று கூப்பிடும் பறவையின் உறவுதான் இங்கே பார்பெட் என்று சொல்வது. நம் கொல்லைகளுக்கு அதிகம் வருவது முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பாக, அதற்குக் கீழே கரும்பட்டை கட்டியது போல இருக்கும் இனம். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, தடித்த அலகு. ஜோடியாக ஒரே கிளையில் எதிரெதிரே உட்கார்ந்து, முதலில் தொண்டையில் கரகரவென்று ஆரம்பித்து, பிறகு டூ-பட்லி, டூ-பட்லி என்று மாறி மாறிப் பாடும்; பாடும்போது தலையும் உடம்பும் மேலும் கீழுமாக ஆடும். ஒரு முறை கேட்டால் மறக்காது. கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு: கரும்பழுப்பு உடம்பு, காதருகே வெள்ளைக் கோடு. அது கூட்டமாக வாழும். ஜோஹானஸ்பர்க், லெனேஷியா பக்கம் இருப்பவர்கள் கேட்பது கொண்டைக் குக்குறுவானை. மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளியிட்ட முகம், தலையில் கருங்கொண்டை, பழைய அலாரம் கடிகாரம் நிற்காமல் அடிப்பது போன்ற குரல்.

குக்குறுவானுக்கு ஆயத்தப் பெட்டி ஏன் பிடிக்காது? அது தன் வீட்டைத் தானே குடைய வேண்டும். கெட்டியான மரத்தைக் குடையும் பலம் மரங்கொத்திக்கு உண்டு, இதற்கு இல்லை. அதனால் உளுத்த மரத்தைத் தேடும். நகரத்தில் உளுத்த மரத்தை யார் விட்டுவைக்கிறார்கள்? அந்தக் குறையைத்தான் சைசல் கட்டை தீர்க்கிறது. சைசல் என்பது நம்மூர் யானைக்கற்றாழையின் இனம். வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். அதற்காகப் பல மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்டை அனுப்பும். பிறகு செடியே செத்துவிடும். காய்ந்த அந்தத் தண்டு வெளியே ஓரளவு கெட்டி, உள்ளே மெத்தென்று நார்ச்சோறு. குக்குறுவானின் அலகுக்கு அளவெடுத்துச் செய்தது போல.

கட்டை வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நீளம் 50 முதல் 60 செ.மீ. வரை, குறுக்களவு 15 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கொண்டைக் குக்குறுவானுக்கு இன்னும் சற்றுத் தடிமன் நல்லது. மெல்லிய கட்டையில் அவை குடைந்துகொண்டே போய்ச் சுவரில் ஓட்டை போட்டுவிடும். தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வந்தால் சரி, கணீரென்று வந்தால் உள்ளே ஏற்கெனவே குடைந்து வைத்திருக்கிறார்கள். முழுதும் குடைந்த கட்டை வேண்டாம். மேலிருந்து 10 செ.மீ. கீழே, 4 செ.மீ. அகலத்தில், விரல் நுனி மறையும் ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் இருந்தால் போதும். இல்லையென்றால் கத்தியால் நீங்களே போடலாம். "இங்கே தொடங்கு" என்று காட்டும் அடையாளம் மட்டும்தான் அது.

குழி மட்டும் போட்ட கட்டையில் இன்னொரு நன்மை இருக்கிறது. மைனாவுக்குக் குடையத் தெரியாது. கெட்டியான கட்டை அதற்குப் பயன்படாது. குக்குறுவானோ தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டுமே வாசல் வெட்டும்.

கட்டையின் மேல்முகத்தில் மழைநீர் இறங்கினால் இரண்டே கோடையில் உளுத்துக் கொட்டிவிடும். அதனால் தலைக்கு ஒரு பலகைத் துண்டைத் தொப்பி போல, நான்கு புறமும் 4, 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, திருகாணி வைத்து முடுக்கிவிடுங்கள்.

என் கட்டையை மே மாதம் அவகாடோ மரத்தில் கட்டினேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை துணி உலர்த்தப் போனபோது மரத்தடியில் ரவையைக் கொட்டினாற்போல வெளிர்மஞ்சள் தூள். நிமிர்ந்து பார்த்தேன். குழிக்குள் தலையை விட்டு ஒரு குக்குறுவான் டொக், டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. மேல் கிளையில் மற்றது காவல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொண்டன. உள்ளே போனது அலகு நிறையத் தூளோடு பின்வாங்கி வந்து, தலையை ஒரு உதறு உதறும். என் ஈரத் துணியெல்லாம் தூள். மூன்று வாரத்தில் வால் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஆழம். பிறகு ஒரு சாயங்காலம் அந்த வட்ட வாசல் நிறைய ஒரு சிவப்பு முகம், அலகை வெளியே நீட்டிக்கொண்டு, தெருவிளக்கு எரியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முட்டைகள் வெள்ளையாக இருக்கும். பொரிய 18 நாள் போல ஆகும். குஞ்சுகள் வெளியே வர அதன்பிறகு ஏறக்குறைய ஐந்து வாரம். இதையெல்லாம் கட்டையைத் திறந்து பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். பெற்றோர் அத்திப்பழமும் பூச்சியுமாகக் கொண்டுவர ஆரம்பித்தால் குஞ்சு பொரித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கொல்லைக்கு ஒரு கட்டை போதும். இரண்டாவதைப் பக்கத்தில் மாட்டினால் இன்னொரு ஜோடி வராது, முதல் ஜோடி வரவிடாது. குஞ்சுகள் பறந்த பிறகும் கட்டையை இறக்காதீர்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் அவற்றின் படுக்கை அறை.

மூன்றாம் படி: வாசல் அளவு

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. மைனாவையும் இந்தியாவிலிருந்து யாரோ கூண்டில் கொண்டுவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பனில் அது தப்பிப் பெருகியது. எங்கள் ஆயாவுக்கு மைனா என்றால் உயிர். "நம்ம ஊருப் பறவைடா" என்பாள். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த மண்ணின் பறவைகளுக்குப் பொந்து கிடைக்காமல் போவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. அது எங்கும் வாழும்: கூரை ஓட்டின் இடுக்கில், விளம்பரப் பலகையின் பின்னால், தெருவிளக்கின் குழாயில். அதற்கு நாம் பெட்டி செய்து தர வேண்டிய தேவை இல்லை.

5 செ.மீ. வாசலில் மைனா தாராளமாக நுழையும். 4 செ.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. சாம்பல்தலைச் சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. போதும், அடித்தளம் 12க்கு 12 செ.மீ. முதல் 15க்கு 15 செ.மீ. வரை, உயரம் 25 செ.மீ. வாசலிலிருந்து தளம்வரை குறைந்தது 15 செ.மீ. ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் பூனை கையை விட்டுக் குஞ்சை இழுத்துவிடும். நம்மூர்ச் சிட்டுக்குருவியும் இங்கே குடியேறிய பறவைதான், அதே பெட்டிக்கு அதுவும் வரும். இரண்டையும் வாசல் அளவால் பிரிக்க முடியாது. நான் இதில் சண்டை போடுவதில்லை.

பச்சை மரக்கொண்டலாத்திக்கும் பளபளப்பான ஸ்டார்லிங்குக்கும் 6 செ.மீ. வாசல் வேண்டும். அப்படிப்பட்ட பெட்டியை டர்பன் நகருக்குள் மாட்டினால் முதலில் வருவது மைனாதான். வாரம் ஒரு முறை ஏணி போட்டுப் பார்த்து, மைனா கொண்டுவந்து திணிக்கும் பிளாஸ்டிக், காகிதம், வைக்கோலை முட்டையிடுமுன் அகற்ற முடியும் என்றால் மட்டும் மாட்டுங்கள். முடியாது என்றால் வேண்டாம். சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் போன்ற இடத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஜோஹானஸ்பர்க்கில் பெரிய புல்வெளி உள்ளவர்கள் கொண்டலாத்திக்கு இதே வாசல் அளவில் ஒரு பெட்டியைத் தாழ்வாக, இடுப்பு உயரத்துக்கும் கீழேகூட வைக்கலாம். அது தரையில் இரை தேடுவது, தாழ்வான பொந்தையே விரும்புவது.

வாசலுக்குக் கீழே குச்சி எந்தப் பெட்டியிலும் இருக்கக் கூடாது. பொந்துப் பறவை நேராகச் சுவரைப் பற்றிக்கொண்டு நுழையும். குச்சி உதவுவது காக்கைக்கும் மைனாவுக்கும்தான். வாங்கிய பெட்டியில் இருந்தால் அறுத்துவிடுங்கள்.

நான்காம் படி: வாலாட்டிக்கும் ராபினுக்கும் பாதி திறந்த பெட்டி

முன்பக்கம் மேல்பாதி திறந்திருக்கும் சின்னப் பெட்டி. 15க்கு 15 செ.மீ. தளம், பின்சுவர் 18 செ.மீ., முன்சுவர் 8 செ.மீ. இருந்தால் சரி. செய்வது மிக எளிது, பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டவெளிச் சுவரில் மாட்டினால் காக்கைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி. கொடி படர்ந்த சுவரில், இலைகளுக்குப் பின்னால், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் புதைத்து வையுங்கள். உங்களுக்கே அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

முற்றத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல்நிற வாலாட்டி இதை ஏற்கும், தொங்கும் பூந்தொட்டியையும் ஏற்கும். செம்மார்புடைய நாட்டால் ராபின், மற்ற பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே பாடிக் காட்டுமே அது, பெட்டியைவிட உளுத்த அடிமரத்தின் குழிவையே விரும்பும். இரண்டுக்கும் இரை பூச்சி. புல்லுக்கும் ரோஜாவுக்கும் பூச்சிமருந்து அடிக்கும் கொல்லையில் இந்தப் பெட்டியை மாட்டிப் பயனில்லை.

ஐந்தாம் படி: ஆந்தைப் பெட்டி

இதைப் படித்ததும் பலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஆந்தை அலறினால் சாவு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே ஜூலு மக்களிடமும் அதே பயம் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் வந்து, "அந்தப் பெட்டிய எறக்கிடு கண்ணு, வயசானவங்க இருக்கற வீடு" என்று கெஞ்சினார். நான் அவரோடு வாதாடவில்லை. மரத்தடியில் ஆந்தை கக்கிப் போட்ட உருண்டை ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்துக் குச்சியால் பிரித்துக் காட்டினேன்: சாம்பல் மயிர், நான்கு எலித் தாடைகள், பல் வரிசை கலையாமல். ஒரே இரவின் வேலை. அவர் வீட்டு அரிசி மூட்டையில் எலி புகுந்திருந்த சமயம் அது. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

புள்ளிபோட்ட கொம்பன் ஆந்தை டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் ஊருக்குள்ளேயே வாழ்வது. அதற்கு மூடிய பெட்டி பிடிக்காது. கூரையோடு கூடிய பெரிய தட்டு போல வேண்டும். தளம் 60க்கு 40 செ.மீ., உயரம் 45 செ.மீ., முன்பக்கம் அகலத் திறந்து, ஆனால் கீழே 15 செ.மீ. தடுப்பு, குஞ்சு தவறி விழாமல் இருக்க அந்தத் தடுப்பு அவசியம். இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகைக்கு ஏறக்குறைய இதே அளவில் மூடிய பெட்டி, ஒரு மூலையில் 15 செ.மீ. வாசல், உள்ளே இருட்டாக. இரண்டுமே கூடு கட்டப் பொருள் எதுவும் கொண்டுவராது. அதனால் தளத்தில் மரப்பட்டைத் துண்டுகளை 5 செ.மீ. கனத்துக்கு நீங்களே பரப்பிவிடுங்கள், முட்டை உருளாமல் இருக்கும்.

நான்கு மீட்டருக்கு மேல், பெரிய மரத்தில், பறந்து வர முன்னால் வெட்டவெளி இருக்கும்படி. கொம்பன் ஆந்தை குளிர்கால முடிவிலேயே முட்டையிடத் தொடங்குவதால் மே மாதத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். குக்குறுவான் கட்டை இருக்கும் சின்னக் கொல்லையில் ஆந்தைப் பெட்டியும் வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்களுடையது கொல்லைக்கு வெளியே, பின்தெருவில் நிற்கும் பெரிய மரத்தில் இருக்கிறது.

எலிமருந்து வைக்கும் வீட்டில் ஆந்தைப் பெட்டி மாட்டக் கூடவே கூடாது. மருந்து தின்ற எலி தள்ளாடித் தள்ளாடி வெளியே வரும், ஆந்தைக்கு அதுதான் முதலில் அகப்படும். அந்த விஷம் ஆந்தையையும் குஞ்சுகளையும் கொன்றுவிடும். பக்கத்து வீட்டாரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: கொம்பன் ஆந்தைக் குஞ்சுகள் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே, ஆறு வார வயதிலேயே தரைக்கு இறங்கிவிடும். பஞ்சு உருண்டை போலச் செடி மறைவில் நின்று அலகைக் கடகடவென்று தட்டும். அநாதை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். நாயை மட்டும் சில நாள் கட்டி வையுங்கள்.

ஆறாம் படி: மரம், ஆணி, கூரை

பெட்டி செய்வதானாலும் வாங்குவதானாலும் பலகை 2 செ.மீ. கனம் இருக்கட்டும். சாதாரண பைன் பலகை போதும், ஆனால் மருந்தேற்றிய பச்சை நிறப் பைன் கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை டர்பன் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் ஊதிப் பிளந்துவிடும். பிளாஸ்டிக் குழாய், தகரம், சிமென்ட் எதுவும் வேண்டாம். வெயிலில் அவை என்ன செய்யும் என்பதை முதலிலேயே சொன்னேன். உள்ளே வண்ணம் பூசாதீர்கள். வெளியே ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு போதும்.

கடற்காற்றில் சாதாரண ஆணி இரண்டு வருடம்கூடத் தாங்காது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வாங்குங்கள். தளத்தில் தண்ணீர் வடிய நான்கு சின்ன ஓட்டை, மேலே இருபுறமும் காற்றோட்டத்துக்கு ஓட்டை, கூரை முன்பக்கம் 5 செ.மீ. நீட்டல், ஒரு பக்கச் சுவரோ கூரையோ கீல் வைத்துத் திறக்கும்படி. வாசலுக்குக் கீழே உட்சுவரில் ரம்பத்தால் குறுக்குக் கீறல்கள் போடுங்கள். வழுவழுப்பான பலகையில் குஞ்சால் ஏறி வர முடியாது. விற்பனைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

ஏழாம் படி: திசையும் நாளும்

இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு "வடக்குப் பார்த்து மாட்டு" என்று பலர் சொல்வார்கள். அங்கே அது நிழல் திசை. இங்கே நாம் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம். நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நான் செய்த தவறு அதுதான். மேற்கு, சாயங்கால வெயில். தென்மேற்கிலிருந்து குளிர்க்காற்றோடு மழை சாய்ந்து அடிக்கும். மிச்சம் கிழக்கு. கிழக்கு பார்த்து, நடுப்பகலில் இலை நிழல் விழும் இடத்தில், கட்டையின் தலை ஒரு விரற்கடை முன்னே சாய்ந்திருக்கும்படி கட்டுங்கள், மழை உள்ளே போகாது. உயரம் 2 முதல் 3 மீட்டர்.

மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். கம்பியைப் பழைய தோட்டக் குழாய்த் துண்டுக்குள் விட்டுச் சுற்றிக் கட்டினால் பட்டை வெட்டுப்படாது. வருடத்துக்கு ஒரு முறை தளர்த்திவிட வேண்டும்.

நாள் கணக்கு நமக்கு எளிது. ஈஸ்டர் சமயத்தில் மவுன்ட் எட்ஜ்கம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் திருவிழா முடிந்ததும் கட்டையை வாங்குங்கள். ஆடிக்கூழ் ஊற்றும் நேரத்தில் அது மரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். புரட்டாசி விரதம் தொடங்கும்போது உள்ளே குடித்தனம் நடக்கும். அந்தக் கணக்கு என் கொல்லையில் இன்னும் பிசகவில்லை. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால், கட்டை இல்லாத பக்கம், வீட்டின் முன்புறம் வையுங்கள். காக்கைக்கு முட்டையும் குஞ்சும் சோற்றைவிட ருசி.

எட்டாம் படி: மாட்டிய பிறகு

தேனீ. ஆந்தைப் பெட்டியில் தேனீக்கூட்டம் இறங்கிவிட்டால் நீங்களே கை வைக்காதீர்கள்; ஆப்பிரிக்கத் தேனீ திரண்டு வந்து கொட்டும், உயிருக்கே ஆபத்து. தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள், பெட்டியோடு கொண்டுபோவார்.

குரங்கு. டர்பனில் யாருக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை? கையை விட்டுத் துழாவும். ஆழமான கட்டைதான் ஓரளவு காப்பு. கட்டைக்கு நேர் மேலே குரங்கு உட்காரத் தோதான கிளை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் மங்கிய பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பறவை கட்டையைச் சுற்றிச் சுற்றி வரும். குக்குறுவான்கள் கத்திக்கொண்டு அதைத் துரத்தும். அது சிறு தேன்காட்டி. குயில் காக்கைக் கூட்டில் இடுவது போல இது குக்குறுவான் பொந்தில் முட்டையிடும். அதன் குஞ்சு அலகு நுனியில் கொக்கியோடு பிறந்து, கூட இருக்கும் குஞ்சுகளைக் கொன்றுவிடும். முதல் முறை பார்த்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை, கல்லை எடுத்துவிட்டேன். எறியவில்லை. தேன்காட்டியும் இந்த மண்ணின் பறவை. அதற்கும் வேறு வழி கிடையாது.

சிட்டுக்குருவிப் பெட்டியையும் பாதி திறந்த பெட்டியையும் ஏப்ரலில் திறந்து, பழைய கூட்டை எடுத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். குக்குறுவான் கட்டையைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, அவையே செய்துகொள்ளும்.

ஒவ்வொரு வருடமும் அவை இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குடையும், வாசலும் தேய்ந்து அகலமாகும். வாசலில் உங்கள் மூன்று விரல் சேர்ந்து தாராளமாகப் போனால் மைனாவுக்கு வழி திறந்துவிட்டது. அப்போது 4 செ.மீ. ஓட்டை போட்ட சின்னப் பலகைத் துண்டை வாசல் மேல் வைத்துத் திருகுங்கள். இதைப் பறவை உள்ளே இல்லாத பகல் வேளையில், குளிர்காலத்தில் செய்ய வேண்டும். அடிப்பாகம் உளுத்துத் தூள் கொட்ட ஆரம்பித்தால் புதுக் கட்டை. பழையதை உடனே இறக்காமல் பக்கத்துக் கிளையில் புதியதைக் கட்டி, அவை அதில் உறங்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஏழு வாரம் ஆனது. இறக்கிய பழைய கட்டையைக் குப்பையில் போடவில்லை. கறிவேப்பிலைக்குப் பின்னால் ஈர நிழலில் படுக்கப் போட்டேன். இப்போது அதில் கரையானும் வண்டுப் புழுவும் ஏறியிருக்கின்றன. காலையில் நாட்டால் ராபின் ஒன்று அதன் மேல் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுக் கொத்துகிறது.